நாமினி இடத்தில் யார்

நவம்பர் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. லேப் வாசலில் சாய்த்து வைத்த குடையை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். புதுசு வாங்க வேண்டும்.

மதியம் ஸ்டாஃப் கூட்டம். பி.எஃப். தவிர ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பென்ஷன் கணக்கு ஆரம்பிக்கிறார்கள். சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், நிர்வாகம் கொஞ்சம் போடும். அக்கவுண்ட்ஸ் பிரியா விளக்கினாள். சின்னப் பெண், டீச்சர் மாதிரி பேசுகிறாள். குறித்துக்கொண்டது:

ஷேர், கம்பெனி பாண்டு, அரசாங்கப் பாண்டு. எதில் எவ்வளவு என்று நாமே சொல்லலாம். தெரியாதவர்களுக்கு ‘ஆட்டோ’. வயது ஏற ஏற ஷேர் தானாகக் குறையும்.

தினமும் திறந்து பார்க்கக் கூடாது.

வேலை மாறினாலும் கணக்கு கூடவே வரும்.

அறுபது வரை கை வைக்க முடியாது. (அவசரத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாமாம். கேட்க வேண்டும்.)

நாமினி (நமக்குப் பிறகு பணம் யாருக்கு) கட்டாயம். சனிக்கிழமைக்குள்.

கூட்டம் முடிந்ததும் என் பழைய பி.எஃப். கணக்கைத் திறந்து காட்டினாள். “அக்கா, இதுல அம்மா பேர் இருக்கு. அம்மா இருக்காங்களா?”

“தையில தவறிட்டாங்க.”

“சாரிக்கா. அப்ப இதையும் மாத்திடணும். அம்மா பேரை எடுத்துட்டு வேற யாராவது...”

நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். எடுப்பதாம்.

எனக்கு நாற்பத்து மூன்று. அறுபது வயதில் எங்கே இருப்பேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்ததில் கரந்தை ஸ்டாப்பைத் தாண்டிவிட்டேன். நனைந்துகொண்டே திரும்பி நடந்தேன்.

வீட்டில் நூர். அவளுக்குக் காலை ஷிஃப்ட். முன்னாலேயே வந்து சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தாள். சரியாகப் பேசவில்லை. கூட்டத்தில் பில்லிங் ஆட்களோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஃபாரம் வாங்காமல் எழுந்து போனதைப் பார்த்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. லேபில் ஜெனரேட்டர் மக்கர்.

லேப் பசங்கள் எல்லாம் இன்றைக்கே ஷேர் நிபுணர்கள். “எல்லாம் செவப்பா கெடக்கு, இப்பப் போய் சேரச் சொல்றாங்க” என்கிறான் ஒருவன். “எறங்குறப்பதாண்டா வாங்கணும்” என்கிறான் இன்னொருவன். எனக்கு எதுவும் ஏறவில்லை. ஆட்டோதான்.

சாயங்காலம் டீ போடும்போது நூரைக் கேட்டேன், நீ ஏன் ஃபாரம் வாங்கவில்லை என்று. பால் பொங்கியது. அடுப்பைக் குறைத்தாள்.

“நான் அதுல சேரல வசந்தி. டிசம்பரோட நின்னுக்கறேன்.”

நாகூரில் அவளுடைய உம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. இது தெரியும். போன மாதம் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். தெரியாதது: துபாயில் வேலை போய்த் திரும்பி வந்திருக்கும் அவள் அண்ணன் (நானா என்பாள்), இனி நீதான் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அவர் மனைவிக்கும் உடம்புக்கு முடிவதில்லை. வேறு ஆள் இல்லை.

“எப்ப முடிவு பண்ணே?”

“போன வாரம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். இந்த ஃபாரம் வந்து சொல்ல வச்சிருச்சு.” பிறகு, “பி.எஃப்.பை எடுத்துரலாமா?”

“எடுக்காத. வேலைய விட்ட ஒடனே எடுக்கக் கூடாதாம். அப்படியே விட்டு வையி. நாளைக்கு நாகூர்லயே ஒரு வேலை கெடச்சா அதுல சேத்துக்கலாம்.”

பிரியா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அதையா சொல்ல வேண்டும்? பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் போகிறேன் என்கிறாள்.

டீயில் சர்க்கரை போட மறந்திருக்கிறாள். இரண்டு பேரும் அப்படியே குடித்தோம்.

நவம்பர் 7, வியாழன்

குடை வாங்கினேன். கம்பி இப்போதே ஆடுகிறது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் வயலைப் பற்றித்தான். சம்பா தூர் கட்டுகிற நேரம், பயிர் மூழ்கி நிற்கிறது, வடிகாலைத் தூர்வாரவே இல்லை, எஞ்சின் வைத்து இறைக்கிறார்களாம். பாவம், குரல் கம்மியிருந்தது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் நாமினி விஷயத்தைச் சொன்னேன்.

“ஒனக்கு என்ன ஆகப்போவுது, கிறுக்கு மாதிரி பேசாத.” பிறகு, “பையன் பேரப் போட்டு வையேன். ஒரே வேலையாப் போச்சு.”

சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பார்க்கிறேன் என்றேன்.

அண்ணன் கெட்டவர் இல்லை. அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தார். ஆனால் ஆடியில் எனக்கு டெங்கு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரால் வர முடியவில்லை. வேலை. நூர்தான் கூட இருந்தாள். அட்மிஷன் சீட்டு எழுதியவர், “பேஷண்டுக்கு நீங்க யாரு?” என்று கேட்டது காய்ச்சலிலும் காதில் விழுந்தது. “தங்கச்சி” என்றாள். அவர் என் பெயரைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, அப்படியே எழுதிக்கொண்டார்.

அண்ணன் பையன் நல்ல பிள்ளை. அம்மா காரியத்தில் கூடவே நின்றான். அதற்குப் பிறகு பேசவில்லை.

நவம்பர் 9, சனி

மழை இல்லை. வெயிலே அடித்தது.

பதினோரு மணிக்குப் பிரியாவிடம் போனேன்.

“ஆட்டோ தானேக்கா?”

“ஆட்டோ.”

“நாமினி?”

“நூர்ஜஹான்.”

கீபோர்டில் அவள் விரல்கள் நின்றன. “நம்ம பில்லிங் நூர்ஜஹான் அக்காவா?”

“போடக் கூடாதா?”

“போடலாம்க்கா. உங்களுக்குக் கல்யாணம் ஆகல, அப்பா அம்மாவும் இல்ல. அப்ப யாரை வேணாலும் போடலாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வீட்டுல யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்களா?”

“சொன்னா நான் பாத்துக்கறேன்.”

அம்மா பெயர் இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “முடிஞ்சுதுக்கா” என்றாள்.

லேபுக்குத் திரும்பியதும் ஒரு ஸ்லைடை உடைத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

துணி துவைத்தாயிற்று. அரிசி வாங்கவில்லை.

நூரிடம் சொன்னேன். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஒம் பேரப் போட்டுட்டேன்.”

“எதுல?”

“பென்ஷன் கணக்குல நாமினியா. பி.எஃப்.லயும்.”

கரண்டியை மாவுப் பாத்திரத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். “என்னைக் கேட்டியா?”

“கேட்டா வேணாம்பே.”

“வேணாம்பேன்னு தெரிஞ்சே போட்டிருக்கே.” அவள் இவ்வளவு மெதுவாகப் பேசினால் கோபம் என்று அர்த்தம். “நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா உங்க அண்ணன் நாகூர்ல வந்து வாசல்ல நிப்பாரு. எங்க நானா என்ன நெனப்பாரு? காசுக்குத்தான் கூட இருந்தாள்னு ஒரு வார்த்தை வந்தா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?”

“அண்ணன் அப்படிச் சொல்ல மாட்டாரு.”

“காசுன்னா சொல்லுவாங்க. நீ செத்து எனக்குப் பணம் வரணும்னு நான் கேட்டனா?”

நீ போகிறாய், உன்னை எதிலாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இதுதான் சொல்ல நினைத்தது. சொன்னது: “எப்ப வேணாலும் மாத்திக்கலாமாம்.”

இட்லி கல் மாதிரி இருந்தது. அவள் சாப்பிடவில்லை. மத்தியானம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். நானும் என் அறையில். தெருவில் யாரோ பழைய இரும்பு, பிளாஸ்டிக் என்று கத்திக்கொண்டு போனார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

மறுபடி மழை. இரண்டு நாளாகப் பேச்சில்லை. குழம்பு உறைக்கிறது என்று சொல்லக்கூட இல்லை.

நூருக்கும் இன்றைக்கு மதிய ஷிஃப்ட். பஸ் ஸ்டாப்பில் ஒரே குடையில் நின்றோம், என் குடையின் கம்பி போய்விட்டதால். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னாள்:

“பேரை எடுக்க வேணாம்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆனா ஒங்க அண்ணங்கிட்ட நீயே சொல்லிரு. நீ உசுரோட இருக்கையிலயே சொல்லிரு. என்னைச் சொல்ல வைக்காதே.”

பெண்கள் சீட்டில் ஒன்றுதான் காலி. என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நவம்பர் 15, வெள்ளி

மூன்று நாளாகத் தள்ளிப்போட்டு இன்றைக்கு அண்ணனுக்குப் போன். பின்னால் எஞ்சின் சத்தம். தண்ணீர் பாதி வடிந்துவிட்டதாம், பள்ளத்து வயல் அழுகல்தானாம். இன்சூரன்ஸ் போடுவதற்கு வி.ஏ.ஓ.விடம் அடங்கல் சான்று வாங்கப் போகிறார். இப்போது சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அண்ணே, நாமினிக்கு நூர்ஜஹான் பேரைப் போட்டுட்டேன்.”

எஞ்சின் சத்தம் தள்ளிப் போயிற்று. வரப்பு ஓரமாக நடந்து வந்திருப்பார்.

“அம்மா செத்தப்ப வந்து பதினாறு நாளும் அடுப்படியில கெடந்துச்சே, அந்தப் புள்ளயா?”

“ஆமாண்ணே.”

“பையனுக்குப் பாதி போட்டிருக்கலாம்ல?”

போட்டிருக்கலாம்தான். அவர் கேட்டதில் தப்பில்லை.

“சரி விடு. ஒன் சம்பாத்தியம். ஊருல யாருட்டயும் சொல்லிட்டுத் திரியாத. ஒங்க அண்ணிகிட்டயும்தான்.” வைத்துவிட்டார்.

அழுகை வந்தது. நல்ல அழுகையா கெட்ட அழுகையா தெரியவில்லை. லேபில் டெக்னீஷியன் அழுதால் பேஷண்ட் தன் ரிசல்டைப் பற்றிப் பயந்துவிடுவார். முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நூரிடம், “சொல்லிட்டேன்” என்றேன். “ம்” என்றாள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வெயில். நூரின் உம்மாவுக்கு முதுகில் படுக்கைப் புண் வந்துவிட்டது. டிசம்பர் வரை முடியாது, உடனே வா என்று நேற்று அவள் நானாவிடமிருந்து போன். நிர்வாகமும் உடனே போக விட்டுவிட்டது. நாளைக் காலை நாகூர் பஸ்.

மத்தியானத்திலிருந்து பாத்திரம் பிரிக்கிறோம். ஆப்பச்சட்டி அவளுடையது. இட்லிப் பானை என்னுடையது. டம்ளர்கள் எது யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஆளுக்குச் சரிபாதி.

குக்கர் சேர்ந்து வாங்கியது. எடுத்துக்கொண்டு போ என்றேன்.

“அது மூணு லிட்டர்தான் வசந்தி. அங்க அஞ்சு பேருக்குப் பத்தாது. நீயே வச்சுக்க.”

எனக்கு ஒருத்திக்கு அது பெரிசு.