தண்ணி உள்ளே வராத குழாய்

என் அண்ணனுக்கு,

இந்த வருடம் புளி நன்றாகக் காய்த்தது. உலுக்க ஆள் வைத்தோம். நீ ஏறும் உயரத்துக்கு அவர்கள் ஏறவில்லை. உச்சிக் கிளையில் இருந்ததெல்லாம் குரங்குகளுக்குப் போனது. சாமை சுமார்தான். அண்ணி மறுபடி கொல்லை வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

போன மாதம் கூரியரில் ஒரு ஸ்நார்க்கெல் வந்தது. வளைந்த குழாய் ஒன்று, பல்லில் கடித்துக்கொள்ள மெத்தென்ற ரப்பர் முனை ஒன்று. வேறெதுவும் அதில் இல்லை. நீ அன்றைக்குக் கேட்டது இதைத்தான். நான் வாங்கித் தந்தது வேறு. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

ஜவ்வாது மலையில் அருவி மடுவிலோ, அடிவாரத்துக் கிணறுகளிலோ யாராவது மூழ்கிவிட்டால் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து உனக்குத்தான் போன் வரும். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் போவாய். தேடுவதற்குத் தண்ணீரின் மேல் குப்புற மிதந்தபடி அடியைப் பார்ப்பாய். மூச்சுக்குத் தலையைத் தூக்குவாய், மறுபடி முகத்தை அமிழ்த்துவாய். தூக்கும்போதெல்லாம் பார்த்த இடம் தவறிப் போகும். வீட்டுக்கு வந்தால் கழுத்தில் தைலம் தேய்க்க அண்ணி வேண்டும்.

"பாப்பா, வாயில வச்சிக்கினு மூச்சு வுடுவாங்களே, அந்தக் கொழா ஒண்ணு கெடைக்குமா? சும்மா வளைஞ்சா மாதிரி இருந்தா போதும்" என்று கேட்டாய்.

நான் திருப்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டியூட்டி இடைவேளைகளில் இரண்டு நாள் போனில் தேடினேன். வெறும் குழாய் முதலிலேயே கண்ணில் பட்டது. அண்ணனுக்குப் போய் இதையா வாங்குவது என்று தள்ளினேன். மேல் முனையில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு, அடியில் தண்ணீரை வெளியே தள்ள இன்னொரு வால்வு, முங்கும்போது நீ மாட்டும் கண்ணாடியின் பட்டையோடு இறுகப் பிடிக்கும் கிளிப், ஆரஞ்சு நிறத் தலை. அதைத் தேர்ந்தெடுத்தேன்.

நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இன்னா பாப்பா, இதுல இவ்ளோ சாமான் கீது?"

"எறங்கும்போது கூட கழட்ட வேணாம்ண்ணா. தண்ணி உள்ள வராது."

நான்தான் சொன்னேன். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. ஆழத்துக்கு முங்குமுன் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. வாசித்தேன் அண்ணா. எல்லாச் சாமானோடும் இப்படி எதையாவது எழுதுவார்கள் என்று மடித்து வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அதற்கு முந்தின நாள் சிநேகிதர்களோடு வந்த பையன் ஒருவன் மடுவில் வழுக்கி விழுந்திருந்தான். காலையிலிருந்து அவன் அம்மா பாறையில் உட்கார்ந்திருந்தார். நீயும் அண்ணியின் தம்பி வெள்ளையனும் போனீர்கள். நானும் கூட வந்தேன்.

அரைமணி நேரம் முகத்தைத் தூக்காமல் மிதந்தாய். ஆரஞ்சுத் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் நகர்ந்துகொண்டிருந்தது. பாறையில் நின்றவர்கள் அதையே வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாம் முறை முங்கி வந்து பாறையைப் பிடித்துக்கொண்டாய்.

"கீறான். சந்துல கால் மாட்டிக்கினு கீது. இன்னொரு வாட்டி எறங்கினா எடுத்துரலாம்."

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போண்ணா."

"அந்தம்மா காலைல இருந்து உக்காந்துக்கினு கீறாங்க, பாப்பா."

வழக்கம்போலப் பத்துப் பன்னிரண்டு தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டாய். அப்படி இழுத்தால் நெஞ்சில் காற்று சேரும் என்று நீ நம்பினாய், நானும் நம்பினேன். மூச்சு முட்டுகிறது என்று உடம்பை உலுக்குவது உள்ளே சேரும் கரியமில வாயு. வேக மூச்சில் அது வெளியேறிவிடும். பிறகு உடம்பு எச்சரிக்காது. ஆக்சிஜன் தீர்ந்துபோவது தெரியாமலே நினைவு தப்பிவிடும். நர்சிங்கில் இதைப் படித்தவள்தான் நான். கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு என்று படித்ததை, மடுவில் முங்கும் அண்ணனோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நீ முங்கியதும் அந்த அம்மா என் கையைப் பிடித்தார். நான் நர்ஸ் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எம்புள்ளைக்கு உசுரு இருக்குமாம்மா?" ஒரு நாள் ஆகிவிட்டிருந்தது. அவர் என் மடியில் சரிந்தார். தண்ணீர் தெளித்து முகத்தைத் துடைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது ஆரஞ்சுத் தலை மேலே நின்றது. நீ வந்துவிட்டாய் என்று நிம்மதியானேன்.

கொஞ்ச நேரம் கழித்து வெள்ளையன் கேட்டான். "மாமா இன்னா, வந்து ஒண்ணும் சொல்லலியே? கூப்புட்டுப் பாக்கட்டா?"

"பாத்துக்கினு கீறாரு. கூப்டாத" என்றேன்.

மறுபடி அந்த அம்மா பக்கம் திரும்பிக்கொண்டேன். எவ்வளவு நேரம்? ஆறு நிமிடமா, ஏழா? தண்ணீரின் இழுப்பில் உன் தோள் பாறையில் இடித்தது. நீ கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அப்போதுதான் வெள்ளையன் குதித்தான்.

பட்டையில் மாட்டியிருந்ததால் குழாய் கடைசிவரை நிமிர்ந்தே நின்றது. உன் முகம் அதற்குக் கீழே தண்ணீரில் இருந்தது. கடிக்கும் முனை வாயிலிருந்து நழுவிப்போயிருந்தது.

பாறையில் போட்டு நெஞ்சை அழுத்தினேன். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. வெள்ளையன் எண்ணினான். பிறகு எண்ணிக்கை தப்பி அழ ஆரம்பித்துவிட்டான். நான் நிறுத்தவில்லை. ரோடு வரை உன்னைத் துணியில் தூளி கட்டித் தூக்கினார்கள். வழியில் இரண்டு இடத்தில் இறக்கச் சொல்லி அங்கேயும் அழுத்தினேன். உன் விலா எலும்பு என் கைக்குக் கீழே முறிந்தது. கேட்டதா உனக்கு?

மறுநாள் தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் அந்தப் பையனை எடுத்தார்கள். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் அம்மா பஸ் ஏறி மலைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். அண்ணி பாய் போட்டு, "சாப்ட்டுப் போங்க" என்றார். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழித்து நான் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனேன். மூச்சடக்கி முங்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"குழாய் கொல்லலைங்க" என்றார். "ஆனா குழாய் மேல நின்னதால நீங்க எல்லாரும் ஏமாந்துட்டீங்க."

அவரிடம்தான் கற்றேன். குழாய் மேலிருந்து பார்ப்பதற்கு மட்டும். முங்குமுன் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும். நினைவு தப்பினால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும். அதனால்தான் முங்குகிறவர்கள் எளிய குழாயைத் தேடுகிறார்கள். வால்வு கூடக் கூடப் பழுதாக இடம் கூடும், முங்கும்போது தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும். ரொம்ப நீளம் ஆகாது, விட்ட மூச்சையே திரும்ப இழுக்க நேரும். கடிக்கும் முனை ஈறை அறுக்கக் கூடாது. ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட வேண்டும். இதெல்லாம் போனில் இரண்டு நாள் தேடியவளுக்கு ஏன் கிடைக்கவில்லை? தேடவில்லை என்பதுதானே பதில்?

இன்னொன்றும் சொன்னார். மேலே வந்தவர் வாய் திறந்து பேசும்வரை கரையில் இருப்பவர் கண்ணை எடுக்கக் கூடாது. மேலே வந்த பிறகும் நினைவு தப்பும்.

இப்போது ஸ்டேஷனிலிருந்து வெள்ளையனுக்குப் போன் வருகிறது. வேண்டாம் என்று அண்ணி அவனிடம் சண்டை போட்டார். "யாரு எடுப்பாங்க, சொல்லு" என்றான். அவனுக்காகத்தான் இந்தக் குழாய். வேக மூச்சு கூடாது என்று பழக்கினேன். இடுப்பில் கயிறு. கயிறு என் கையில்.

போன வாரம் ஆலங்காயம் பக்கம் ஒரு கிணறு. உள்ளே ஒரு பெண். வெள்ளையன் மிதந்து பார்த்தான், குழாயை எடுத்துப் படிக்கட்டில் வைத்தான், இறங்கினான். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் அக்கா கத்திக்கொண்டிருந்தாள். என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் திரும்பவில்லை. அவன் மேலே வந்து, "நல்லாக்கீறேன்க்கா" என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டேன். கூட்டத்தில் அண்ணி நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவர்.

நானும் அண்ணியும் என் வண்டியில்தான் மலை ஏறினோம். பாதி வழியில் அண்ணி கேட்டார்.

"அவரு மேல வந்து மிதந்தாரே. அப்போ உசுரு இருந்துதா?"

எட்டு மாதமாக இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் அந்த வீட்டில் அதிகம் தங்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"இருந்துது அண்ணி. மொத ரெண்டு மூணு நிமிஷம் இருந்திருக்கும். அப்பவே திருப்பிப் போட்டிருந்தா பொழச்சிருப்பாரு. வெள்ளையன் கூப்புடறேன்னான். நான்தான் வேணாம்னேன்."

அண்ணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"வெள்ளையன் அன்னிக்கே சொல்ட்டான். உன் வாயால எப்ப வரும்னுதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றார். பிறகு, "எழுதிப் போடு. எறங்கறவங்களுக்கும் கரையில நிக்கறவங்களுக்கும் தெரியட்டும்."

அன்று அண்ணி எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாளும் அப்படித்தான். மன்னிப்பாரா? எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அண்ணா. இந்த மலைத் தண்ணீரில் இனி யார் இறங்கினாலும், எனக்குத் தெரிந்தால் கரையில் நான் இருப்பேன். இறங்கியவர் மேலே வந்து தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லும்வரை, பின்னால் பெற்ற தாயே கதறினாலும் திரும்ப மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மல்லிகா