பனி பூத்த பாதி முகம்

9 ஜனவரி 1973, ஒலோமோட்ஸ்

தண்டவாளம் பிரியும் இடம் உறைந்து, நான் ஓட்டும் டிராம் இருபது நிமிடம் நின்றுவிட்டது. பயணிகளின் வசவு எல்லாம் எனக்கு. வேலை முடிந்ததும் மிலுஷ்கா விடவில்லை. அவளும் என் பணிமனையில் ஓட்டுநர்தான். “வீட்டுக்குப் போய் என்னத்தக் கிழிக்கப்போற? வாடி!” நாடக அரங்கின் மாடியில் புகைப்படக் கண்காட்சி.

எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாம் முகங்கள். ஒரு கிழவரின் நெற்றி உழுத வயலாக இருக்கிறது. சால்களில் காக்கைகள் மேய்கின்றன. ரொட்டிக்கடைக்காரி ஒருத்திக்குக் கண்கள் இருக்கும் இடத்தில் இரண்டு சாவித்துவாரங்கள், உள்ளே விளக்கெரிகிறது. பயந்திருக்க வேண்டும். பயமில்லை. அந்தக் கிழவரை நாற்பது வருடமாகத் தெரியும் போலிருந்தது. நடக்கவே முடியாத ஒன்று இவ்வளவு மெய்யாக எப்படி இருக்கும்?

10 ஜனவரி

மறுபடி போனேன். தனியாக.

13 ஜனவரி

அந்தப் படங்களை எடுத்த பெண்மணி யார்மிலாவே இன்று அங்கே இருந்தார். ஐம்பது வயதிருக்கும், விரல் நுனிகளில் ரசாயனக் கறை. நான் கைக்குட்டையால் வலக்கன்னத்தை மூடிக்கொண்டேன். முகவாதம் வந்து வாய்க்கோடி தொங்கிப்போன இந்த மூன்று வருடமும் ஒரு படத்துக்கும் நின்றதில்லை.

“மூணாவது தடவையா வர்றீங்க. எனக்கு ஒரு படத்துக்கு உக்காருவீங்களா?”

“என் மூஞ்சியப் பாத்தீங்களா?”

“பாத்துட்டுத்தான் கேக்குறேன்.”

14 ஜனவரி

புருஷன் வொய்தாவிடம் சொன்னேன். “வேணாம் ப்லாஷா, ஊரே சிரிக்கும்” என்றான். “ஊரா, நீயா?” என்றேன். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

20 ஜனவரி

யார்மிலா முன் போய் உட்கார்ந்து கேட்டேன்: “எந்தப் பக்கம் நல்லாருக்கும்?”

“ஒரு பக்கம் பேசுது, இன்னொண்ணு கேட்டுக்கிட்டிருக்கு. எத விடச் சொல்றீங்க?”

2 பிப்ரவரி

படம் வந்துவிட்டது. இடப்பக்கம் நான், சிரிக்கப்போகிறேன். வலப்பக்கமும் நான்தான் — ஆனால் தோல் ஜன்னல் கண்ணாடியாகி உறைபனி பூத்திருக்கிறது. தொங்கும் வாய்க்கோடியிலிருந்து பனியிலைகள் கிளம்பி, கன்னமேறி, சரியாக மூடாத கண்ணைச் சுற்றி விரிகின்றன. எதையும் மறைக்கவில்லை. தொங்கல் தொங்கலாகவே இருக்கிறது. எப்படிச் செய்தீர்கள் என்றேன். என் முக நெகட்டிவையும் ஒரு பனி ஜன்னல் நெகட்டிவையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தாராம். அவ்வளவுதானாம்! அவ்வளவுதானா?

அப்புறம் அழுகை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: ஏன்டி அழுவுற, பைத்தியம்… இது இத்தன நாளா உங்கூடத்தானே இருந்துச்சு —

3 பிப்ரவரி

வொய்தா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான். “மூணு வருஷமா உன்ன நேராப் பாக்கவே இல்லடி” என்றான். நான்தான் மறைத்தேனா, அவன்தான் பார்க்கவில்லையா? இரண்டும்தான்.

3 மார்ச்

படத்தைக் கண்காட்சியில் மாட்டிவிட்டார்கள். மிலுஷ்கா: “தினம் ஓசியில பாத்த மூஞ்சிய டிக்கெட் எடுத்துப் பாக்க வெச்சுட்டியேடி!” அப்புறம் அவளும் கிட்டே போய்ப் பார்த்தாள்.

19 மார்ச்

பணிமனைப் பலகையில் மாட்ட எல்லா ஓட்டுநர்களையும் படமெடுத்தார்கள். எடுக்க வந்தவர் தயங்கித் தயங்கி, “லேசாத் திரும்பிக்குங்கக்கா, அது தெரியாது” என்றார்.

“தெரியட்டும். நேரா எடுங்க. ஒன்பது பத்துக்கு என் வண்டி.”