இடது பக்கப் பொத்தான்

கொரட்டூர்
வியாழக்கிழமை, காலை பதினொரு மணி

அன்புள்ள யுவராணிக்கு,

உதயகுமார் எழுதுகிறேன். காவ்யா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வேலை நாளில் இந்த நேரத்துக்கு நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதிலேயே உனக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும். மாடி வீட்டு முகமது ஆசிக் நாளை மஸ்கட் புறப்படுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் உன் முகத்தைப் பார்த்தால் என் வாய் தானாக ‘நல்லாத்தான் கீறேன்’ என்று சொல்லிவிடும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

எங்கள் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. இரும்புத் தகட்டை அமுக்கி வடிவம் கொடுக்கும் பழைய மெஷின். தகட்டை வைத்துவிட்டு இடது கையால் ஒரு பொத்தான், வலது கையால் ஒரு பொத்தான், இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு மேலிருந்து இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். டார்கெட்டை எட்டிப் பிடிக்க, சிலர் இடது பொத்தானை டேப் ஒட்டி அமுக்கிவைத்துவிட்டு ஒற்றைக் கையால் வேகமாக ஓட்டுவார்கள். அப்படிச் செய்த இரண்டு பேரை நானே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை தோறும் கேட்டருகே பாதுகாப்பு உறுதிமொழி வாசிக்கும் பெரிய மனிதனும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரம் முடிந்து துலுக்கானம் அந்த மெஷினில் உட்கார்ந்தார். முப்பது வருட சர்வீஸ் உள்ளவர். சிக்கிய துண்டை எடுக்க இடது கையை உள்ளே விட்டிருக்கிறார், வலது கை வழக்கம்போலப் பொத்தான் மேல் இருந்திருக்கிறது. அச்சு இறங்கிவிட்டது. நடுவிரலின் நுனி நசுங்கி நகம் போய்விட்டது, ஆறு தையல். ஒரு அங்குலம் தள்ளியிருந்தால் நான்கு விரலும் போயிருக்கும். பார்த்தால் இடது பொத்தானில் கறுப்பு டேப்.

ரத்தம் சொட்டிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து நான் கத்தினேன் யுவா. வயதுக்கும் மரியாதை கொடுக்காமல் பேசினேன். ‘நான் ஒட்டல சார், சத்தியமா ஒட்டல’ என்று அவர் சொல்லச் சொல்ல, அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையோடு அவர் மேல் மெமோ எழுதி மேனேஜர் ஜானகிராமன் சாரிடம் கொடுத்தேன்.

நேற்றுக் காலை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கேமரா பதிவைப் போட்டார். சாப்பாட்டு நேரம். மெஷின் ஷாப்பில் ஒருவரும் இல்லை. நீலச் சட்டைக்காரன் ஒருவன் வந்து பையிலிருந்து டேப்பை எடுத்து, இடது பொத்தானில் ஒட்டி, பத்து நிமிடம் மடமடவென்று பீஸ் அடித்துவிட்டு, யாரோ போனில் கூப்பிட டேப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகிறான். அது நான்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. இப்போதும் இல்லை. மூன்று முறை திரும்பப் போடச் சொன்னேன். என் நடை, என் வழுக்கை, நீ அனுப்பிய வாட்ச்.

ஜானகிராமன் சார், “பத்து நாள்ல பதிவு தானா அழிஞ்சிடும், உதயா. மெமோ இருக்கட்டும். அவருக்கும் ரிட்டயர்மென்ட் பக்கத்துல வந்திருச்சு. திங்கட்கிழமை விசாரணையை நான் பார்த்துக்கறேன்” என்றார். அதைக் கேட்டதும் எனக்கு ‘அப்பாடா’ என்று இருந்தது. டேப்பைவிட இதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. ஒரு நிமிடம்தான், ஆனால் அந்த ஒரு நிமிடம் அதற்குச் சம்மதித்தவனாகவே நான் இருந்தேன். பிறகு மெமோவை வாங்கி, ஒட்டியவன் நான்தான் என்று அதன் கீழேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசாரணை வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்து நேரே பாடியில் இருக்கும் துலுக்கானம் வீட்டுக்குப் போனேன். அவர் கட்டு மாற்றக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சொர்ணம் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். துலுக்கானத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, “ரெண்டு மாசமாவே நீ ஆள் சரியில்ல சார். எதுனா கேட்டா எரிஞ்சி உய்வ. அதான் அல்லாரும் வாயத் தொறக்காம கீறோம்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன். நீயும் வா, ஒடம்பக் காட்டு” என்றார்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். ஜனவரியில் இன்னொரு சூப்பர்வைசர் நின்றதிலிருந்து இரண்டு ஷிஃப்டையும் நானே பார்க்கிறேன், நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம் என்றேன். வண்டிக்கு ஸ்டாண்ட் போட்ட பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருப்பது மாதிரி உங்கள் உடம்பு இருக்கிறது, அந்த நிலையில் கை செய்வது மூளையில் பதியாமலே போகும் என்றார். மன அழுத்தம் என்றால் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். எரிந்து விழுவதும் அதுதானாம். பைக்கை ஸ்டேஷனில் விட்டுவிட்டு நடந்து வந்து, வாசலில் காணோம் என்று நான் தேடியதும் அதுதானாம். என் பைக் சத்தம் கேட்டதும் காவ்யா டிவியை அணைத்துவிடுவாள். பொறுப்பான பெண் என்று உன்னிடமே பெருமையாகச் சொன்னேனே. பயந்துபோய் அணைத்திருக்கிறாள். நேற்று அவளே சொன்னாள்.

மாத்திரை கொடுத்திருக்கிறார். ஏழு மணி நேரத் தூக்கம், ஏரிக்கரையில் அரை மணி நேர நடை. இதெல்லாம் செய்துவிடுவேன். ‘முடியலன்னு கடைசியா யார்கிட்ட சொன்னீங்க?’ என்று கேட்டாரே, ‘யார்கிட்டயும் இல்ல’ என்றுதான் சொல்ல முடிந்தது. தினமும் ஒருவரிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லச் சொன்னார். இன்றைக்கு உன்னிடம் சொல்கிறேன். முடியவில்லை யுவா. ஆறு மாதமாக முடியவில்லை.

திங்கட்கிழமை என்ன முடிவு வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். வேலை போனாலும் போகட்டும். துலுக்கானத்தின் பெயரில் ஒரு கரும்புள்ளி கூட இருக்கக் கூடாது.

எழுதிக்கொண்டு வரும்போது ஒன்று உறைத்தது. எப்போது கேட்டாலும் நீயும் ‘நல்லாத்தான் கீறேங்க’ என்பாய். என் குரலும் உன் குரலும் ஒன்று போலவே இருக்கின்றன. நர்ஸ் வேலை, ஐசியூவில் தொடர்ந்து டியூட்டி பார்க்கிறாய், ஊசியும் மருந்தும் உன் கையில்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது பழக்கதோஷத்தில் நல்லா கீறேன் என்றுதான் சொல்வேன். போனை வைத்துவிடாதே, இன்னொரு தடவை கேள். நானும் உன்னை இரண்டாவது தடவை கேட்பேன். அப்போது நிஜத்தைச் சொல்லிவிடு, கண்ணு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உதயகுமார்