முதல் சிவப்பு முட்டை

உமியோ, ஸ்வீடன்
மே மாதக் கடைசி

என் செல்ல மகள் ரலிட்சாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீதான் போனை எடுப்பதில்லையே. எடுக்கிற அப்பாவோ, "ராலி தூங்குறா" என்று ஒரே பாட்டைப் பாடுகிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு என்ன தூக்கம்? அவருக்குப் பொய் சொல்லவும் வராது, சொல்லாமல் இருக்கவும் வராது. கடிதமாக இருந்தால் கோபம் தணிந்த பிறகாவது பிரிப்பாய் என்று எனக்கு ஒரு நப்பாசை.

இங்கே பனி கரைந்துவிட்டது. ஆற்றோரம் பிர்ச் மரங்கள் துளிர்விடுகின்றன. காட்டியல் படிப்பில் முதல் வருடம் முடியப் போகிறது. மண் பாடத்தில் தேறிவிட்டேன். கீழ் வீட்டு குன்வோர் உன்னை விசாரித்தாள். "உன் பொண்ணு ஏன் அவ்வளவு அவசரமா ஓடிட்டா? என் மீன் வறுவலைப் பார்த்துப் பயந்துட்டாளா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

ஆகஸ்டிலிருந்து நீ என்னோடு இருந்து இங்கே படிக்க நான் கேட்டு வைத்திருக்கும் பள்ளி இடத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்கள். நீ வருகிறாயா இல்லையா என்பதை உன் வாயால் கேட்காமல் நான் எதையும் எழுத மாட்டேன்.

குளிர்காலம் முழுக்க உன்னிடம் எவ்வளவு புலம்பினேன்! இருட்டு, குளிர், ரொட்டியில்கூட இனிப்பு, ஒருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்றெல்லாம். முதலில் அது உண்மைதான். வந்த புதிதில், எல்லா வீட்டுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில் வேறொருத்தியின் முறையில் என் துணியைப் போட்டுவிட்டேன். அந்த ஒருத்திதான் குன்வோர். என் ஈரத் துணியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்து, "இந்த ஊர்ல கொலைகூடப் பண்ணலாம், அடுத்தவங்க முறையில மட்டும் துவைக்காதே" என்றாள். அன்றைக்கு அழுதேன். அப்புறம் அவளோடு காபி குடிக்க ஆரம்பித்தேன். பனி விழ ஆரம்பித்தபோது எனக்கு இந்த இடம் பிடித்துப் போயிருந்தது. நாற்பத்து மூன்று வயதில், என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து கைதூக்கிக் கேள்வி கேட்பது பிடித்திருந்தது.

ஆனாலும் புலம்பலை நிறுத்தவில்லை. நான் இல்லாத வீட்டில் நீயும் அப்பாவும் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? நான் கஷ்டப்பட்டால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒரு மடத்தனமான கணக்குப் போட்டேன்.

ஈஸ்டருக்கு வந்து நீயே பார்த்துவிட்டாய். நான் தைத்த திரைச்சீலை, ஜன்னலோரப் பூச்செடிகள், படிக்கட்டில் நின்று குன்வோருடன் நான் அடித்த அரட்டை எல்லாவற்றையும். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "நல்லாத்தான் இருக்க" என்றாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சூப் ஆறுகிறது என்று சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று முட்டைக்குச் சாயம் போட்டோம். வருஷம் முழுக்க நோய் அண்டாமலிருக்க, நம் வழக்கப்படி முதல் சிவப்பு முட்டையை எடுத்து உன் கன்னத்தில் தேய்த்தேன். "பதினஞ்சு வயசாச்சும்மா, விடேன்" என்று சிணுங்கினாலும் மறு கன்னத்தையும் காட்டினாய். எனக்கு உயிரே திரும்பி வந்ததுபோல் இருந்தது. பிறகு என் கை பழக்கத்தில் அந்த முட்டையைக் கொண்டுபோய் ஜன்னலோரம் மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டது. அடுத்த ஈஸ்டர்வரை வீட்டைக் காக்கிற முட்டை. நம் ஊர் கசன்லக்கில், நம் சமையலறை அலமாரியில் வருஷாவருஷம் வைக்கிற முட்டை.

"அது வீட்டு முட்டை" என்றாய். எனக்கு உறைக்கவில்லை. ஆமாம் என்றேன்.

"அப்போ எங்க வீட்டுக்கு?"

"உனக்கும் ஒண்ணு போட்டுத் தரேன்டி, அதுக்கென்ன" என்று அவசர அவசரமாக இன்னொரு முட்டையைச் சாயத்தில் போட்டேன்.

"அது ரெண்டாவதும்மா. முதல் முட்டை ஒண்ணுதான். நீதானே சொல்லிக் கொடுத்த?"

ஒரு முட்டைக்கா இத்தனை ரகளை என்று நான் கத்தியிருக்கக் கூடாது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை முட்டை மோதி விளையாடக்கூட நிற்காமல், டிக்கெட்டை மாற்றிக்கொண்டு சனிக்கிழமையே கிளம்பிவிட்டாய். விமான நிலையத்தில் உன் தோளைத் தொட்டபோது, ஜிப்பை இழுத்துவிடுவதுபோல நகர்ந்துகொண்டாய்.

யோசித்திருந்தால் அந்த முதல் முட்டையை உன்னிடமே கொடுத்தனுப்பியிருப்பேன். யோசிக்காமல், இதுதான் என் வீடு என்பதுபோல இங்கே வைத்ததுதான் உன்னைச் சுட்டது என்று இப்போது புரிகிறது. அது வெறும் முட்டை இல்லை, ராலி. நீ கோபப்பட்டது நியாயம்.

படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, முடிக்க ஆசைப்படுகிறேன். நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். இரண்டும் சேர்ந்து கிடைக்காமல் போகலாம். வர மாட்டேன் என்று நீ சொன்னால் பள்ளிக்கு அப்படியே எழுதிவிடுகிறேன், உன்மேல் கோபப்பட மாட்டேன். பதில் போடு. திட்டியாவது போடு.

அப்பாவிடம் ரத்த அழுத்த மாத்திரையை மறக்க வேண்டாம் என்று சொல். நீ கணக்குப் பரீட்சையை நன்றாக எழுது. கடவுள் உன்னைக் கைவிட மாட்டார்.

ஜூன் கடைசியில் ஊருக்கு வருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. ஆனாலும் மணி அடித்துவிட்டு வாசலில் நிற்பேன். அப்பாவை அனுப்பாதே, கண்ணே. நீ வந்து திற.

உன் அம்மா,
ஸ்னெஜானா