செவ்வாய், வெள்ளி உச்சிப் பொழுது

திருவண்ணாமலை
ஆடி 12, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மணிமொழிக்கு அம்மா எழுதுவது. நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், முட்டி வலியைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அந்த பெங்களூர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் தம்பி பேரை எடுத்தாலே நீ வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், நானும் அழுதுவிடுகிறேன். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. அஞ்சாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுசும் படி கண்ணு.

போன வாரம் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஏதோ கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிற உத்தியோகத்துக்குப் போகிறேன், இங்கே இருபத்தெட்டாயிரம் அங்கே அறுபதாயிரம், வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். சம்பளம் கம்மி என்பதுதான் காரணம் என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். வாடகைக்கே பாதி போகிறது, எனக்குத் தெரியாதா. ஆனால் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாய், கூடப் பொறந்தவன் மனசையே பாக்கத் தெரியாதவ ஊரார் மனசை என்னம்மா பாக்கப் போறேன் என்று. வாசலில் இருக்கிற போர்டையும் கழற்றி உள்ளே போடச் சொன்னாய். அன்றைக்கே திருப்புளியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன், கழற்றாமல் வந்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த போர்டு வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். தை மாதம் உனக்கு வேலை கிடைத்ததும் உன் தம்பி செழியன்தான் பெயிண்டர் சரவணகுமாரிடம் எழுதக் கொடுத்தான். அந்த ஆள் இத்தனை வருஷமும் கோயிலுக்கும் குறி சொல்கிறவர்களுக்கும் போர்டு எழுதியவர். உன் பேர், படிப்பு, மனநல ஆலோசகர், எல்லாம் சரியாக எழுதிவிட்டு, மேலே ஒரு விபூதிப் பட்டையும் கீழே சிவப்பில் செவ்வாய், வெள்ளி உச்சிப் பொழுது என்றும் சேர்த்துவிட்டார். யார் உங்களை இதை எழுதச் சொன்னது என்று நான் கேட்டதற்கு, மனசைப் பாத்து சொல்றவங்கதானம்மா, நாள் போடலன்னா ஜனங்க எப்ப வருவாங்க, அதுக்குத் தனியா காசு வாணாம் என்றார். செழியன் விழுந்து விழுந்து சிரித்தான். அழிக்க வாணாம்மா, அக்கா வந்து பாத்து சிரிக்கட்டும் என்று அவனே திருகாணி போட்டு மாட்டினான். உன் சித்தப்பா ராஜமாணிக்கம் கீழ்பென்னாத்தூரிலிருந்து கழனியில் பிடுங்கிய மல்லாட்டை கொண்டு வந்தவர் போர்டைப் பார்த்துவிட்டு, ஊசி போட மாட்டா, மாத்திரை எழுத மாட்டா, ஒக்காந்து பேசறதுக்கு அஞ்சு வருசம் காலேஜா, எங்க தெரு பொம்பளைங்க காலையிலருந்து அதைச் சும்மாவே செய்றாளுங்களே என்றார். அதற்கும் அவன் சிரித்தான். அவன் சிரித்ததை எல்லாம் நான் நம்பினேன்.

மாசியில் அவன் நம்மை விட்டுப் போனான். நீ வந்து பதினாறு நாள் இருந்துவிட்டுப் போன பிறகுதான் வாசலில் எலுமிச்சம்பழம் வர ஆரம்பித்தது. செவ்வாய், வெள்ளி பன்னிரண்டு மணிக்கு யாராவது கேட்டைத் தட்டுவார்கள். பிள்ளை படிக்க மாட்டேங்கிறான், புருஷன் பேச மாட்டேங்கிறான், அம்மா இருக்காங்களா, குறி கேக்கணும் என்பார்கள். என் மக குறி சொல்றவ இல்ல, பெங்களூர் ஆஸ்பத்திரியில இருக்கா என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்புவேன். சிலர் போகாமல் அந்தப் பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மனசில் இருப்பதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நான் உம் கொட்டுவேன். அதற்கே முகம் தெளிந்து போவார்கள்.

இனி எழுதுவதைப் படித்துவிட்டு அம்மாவுக்கும் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்காதே. வைகாசி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. நாற்பது நாளாகப் பொட்டு மழை இல்லை, தெருக்குழாயிலும் தண்ணீர் இல்லை. உச்சி வெயிலில் தெருவில் ஒரு ஆள் இல்லை, மலை மட்டும் நகர்ந்து வந்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. கேட் சத்தம் கேட்கவில்லை, நாய் குரைக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தால் கேட்டிலிருந்து நாற்காலி வரைக்கும் ஈரக் காலடி, சேறு கலந்த ஈரம். நாற்காலி நனைந்திருந்தது, அதில் ஒரு எலுமிச்சம்பழம். ஆள் இல்லை. தொட்டு மோந்து பார்த்தேன், ஏரித் தண்ணீர் வாசனை. உன் தம்பியை மூன்றாம் நாள் கொண்டு வந்து கிடத்தியபோது இருந்த அதே வாசனை. நான் கத்தவில்லை. உள்ளே போய் அவன் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அதே ஈரம். அடுத்த வெள்ளியும் அதே. நான் பின்கட்டில் இருக்கும்போதே வந்து போய்விடும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பூசாரியைக் கூட்டி வந்து கட்டிவிடுவார்கள், அப்புறம் வராமல் போய்விடுமே என்று பயந்தேன். அதற்கு அடுத்த செவ்வாய் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

வந்தது ஒரு பெண். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது இருக்கும், கழுத்தில் தாலி, கையில் எலுமிச்சம்பழம். புடவை முட்டி வரைக்கும் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. சத்தமே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து போர்டைப் பார்த்துக்கொண்டே, அக்கா இருக்காங்களா, எனக்கு ஒரு சீட்டு போடுங்க என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, சும்மா காற்றைப் பார்த்துக் கேட்டாள். மணிமொழி, நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாது, இத்தனை நாள் மறைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். போர்டு மாட்டிய பிறகு உன் தம்பி ஒவ்வொரு வெள்ளியும் உச்சிப் பொழுதுக்கு அதே நாற்காலியில் வந்து உட்காருவான். ஆஸ்பத்திரிக்கு வந்தவன் மாதிரி, அக்கா இருக்காங்களா, எனக்கு ஒரு சீட்டு போடுங்க என்பான். விளையாடுகிறான் என்று நானும் டாக்டரம்மா பிஸி, அப்புறம் வா என்று சொல்லிச் சிரிப்பேன். கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டுக் குடும்மா, நெஜமாவே பேசணும் என்றான். அவ புது வேலையில இருக்கா, நடுவுல கூப்பிட்டா திட்டு வாங்குவா, ஞாயித்துக்கிழமை பேசலாம் என்றேன். சரி என்றான். சனிக்கிழமை ஏரிக்குப் போனவன் திரும்பவில்லை. கால் வழுக்கி விழுந்தான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அவன் மனசைப் பார்க்கத் தெரியாதவள் நீ இல்லை. உன்னிடம் வந்தவனை வாசலிலேயே நிறுத்தியவள் நான்.

அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடிப்பதற்கு முன்னால் சொம்பிலிருந்து கொஞ்சம் தரையில் சாய்த்தாள், செழியன் சாய்ப்பானே அதே மாதிரி. எங்கே பழகினாள் என்று நான் கேட்கவில்லை, கேட்க தைரியம் இல்லை. கால் ஏம்மா நனஞ்சிருக்கு என்று மட்டும் கேட்டேன். சொம்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். பேர் தென்றல், நம் ஏரிக்கரைத் தெருவில்தான் வாழ வந்திருக்கிறாள். பிள்ளை பிறந்து ஆறு நாளில் செத்துவிட்டதாம். தெனம் ஏரியில எறங்கிடறேம்மா, முட்டி அளவு தண்ணி வந்ததும் இந்த போர்டு ஞாபகம் வருது, செவ்வா வரைக்கும் இருந்து பாப்போம்னு கரையேறிடறேன், செவ்வா போனா வெள்ளி வரைக்கும் இருந்து பாப்போம்னு ஏறிடறேன் என்றாள். அந்தப் பெயிண்டர் தப்பாக எழுதிய நாளைப் பிடித்துக்கொண்டு ஒரு உயிர் நின்றிருக்கிறது கண்ணு. இந்தத் தடவை நான் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்தபடியே அவள் மாமியாரைக் கூப்பிட்டுச் சொல்லி, மூன்று பேரும் அப்போதே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மனநோய்க்குப் பார்க்கிற டாக்டரம்மா மாத்திரை கொடுத்தார். தனியாக விடக்கூடாது என்று வீட்டாரைக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது மாமியார் கூடவே வருகிறாள்.

உன் சம்பள விஷயத்தையும் அந்த டாக்டரம்மாவிடம் கேட்டேன், கோபித்துக்கொள்ளாதே. சிரிக்காமல் பதில் சொன்னார். ஆரம்பத்துல கம்மிதாம்மா, பொய் சொல்ல மாட்டேன், மேற்கொண்டு ஒரு படிப்பு இருக்கு, அதை முடிச்சுப் பதிவு பண்ணிட்டா சம்பளம் வேற மாதிரி, நாலஞ்சு வருசம் கஷ்டம், அப்புறம் தனியா பார்த்தாலும் ஜாஸ்தியா வரும், ஸ்கூலு கம்பெனின்னு எல்லாரும் கேக்கறாங்க, மாத்திரை நான் தர்றேன், வாரா வாரம் ஒக்காந்து பேச ஆளுக்கு நான் எங்க போவேன் என்றார். வேங்கிக்கால் பக்கம் ஒரு அரசாங்க ஆபீஸிலும் விசாரித்தேன். இங்கே வேலை வந்தாலும் காண்ட்ராக்ட்தானாம், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமாம், இருபத்தி மூணாயிரத்துக்கு மேல் இருக்காது என்றார்கள். அதனால் நீ ஊருக்கு வா என்று நான் சொல்லவில்லை. மேல்படிப்பு படி. செழியன் பேரில் வந்த இன்சூரன்ஸ் பணத்தை நான் தொடவே இல்லை, அது உன் படிப்புக்கு. கம்பெனி சம்பளம்தான் வேண்டும் என்று உனக்கே தோன்றினால் போ, அம்மா குறை சொல்ல மாட்டேன். ஆனால் தம்பியைச் சாக்காகச் சொல்லிப் போகாதே. அந்தப் பழி என்னுடையது, அதை நீ சுமக்காதே.

வேலை முடிந்து வந்தால் தனியாக அறையில் அடைந்து கிடக்காதே. நீயும் யாரிடமாவது உட்கார்ந்து பேசு, உன் படிப்பில் அதற்கும் ஆள் இருப்பார்களே. எண்ணெய் வைத்துத் தலை வாரு. தீபத்துக்குக் கட்டாயம் வா, தென்றல் உன்னைப் பார்க்க வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள் எண்ணிக்கொண்டே இருக்கட்டும் என்று நானும் விட்டிருக்கிறேன். நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன்னிடம் வருகிறவர்களும் தெளிந்து வீடு போய்ச் சேர வேண்டும்.

திங்கட்கிழமையை மறந்துவிடாதே. இன்றும் தென்றல் வந்துவிட்டுப் போனாள். அவள் எழுந்ததும் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே, சரியாக போர்டுக்கு நேராக, புதுசாக ஒரு ஜோடி ஈரக் காலடி இருக்கிறது. தென்றல் கால் இல்லை, பெரிய கால், ஆம்பளைக் கால். வந்து நின்று படித்துவிட்டு உள்ளே வராமல் திரும்பியிருக்கிறது. ஏரிக்கரை வரை ஓடிப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை, தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஈரக் காலோடு யாரைப் பார்த்தாலும் கூட்டி வாருங்கள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இன்னொரு நாற்காலி வாங்கி கேட்டுக்கு வெளியே போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே வாசலில்தான் இருப்பேன், போனும் மடியிலேயே இருக்கும். இந்தத் தடவை யார் கேட்டாலும் உனக்குப் போட்டுக் கொடுத்துவிடுவேன். நீ எடு.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் பெற்ற அம்மா
சரோஜா