பத்துப் பொத்தான்களும் ஒரு முழமும்

அன்புள்ள எறும்புக்கு,

பாட்டி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் பெரிய அண்ணன் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர் ஆகிவிட்டான். அத்தை மகள் பல் டாக்டராகி, முதலில் என் பல்லைத்தான் பிடுங்கினாள். வலிக்கவே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், வலித்தது. சின்னவளுக்கு நீச்சலில் மூன்று பதக்கம், குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. யார் விசாரித்தாலும் உன்னைக் கடைசியாகத்தான் சொல்வேன். காட்டில் விரல் உயரச் செடிகளை வருடா வருடம் தேடிப்போய் எண்ணுகிறாள், நம் வீட்டின் முதல் ஆராய்ச்சிக்காரி என்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வாயால் அதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் உயரம் கூடுகிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போன வருடம் குறித்த நாற்பத்தொரு செடிகளும் அந்த இடத்தில் இல்லை என்று, செத்தவை கணக்கில் எழுதிவிட்டாய். பிறகு பார்த்தால் பத்தடி, பதினைந்தடி தள்ளி உயிரோடு நிற்கின்றன. செடியின் இடத்தைப் பதிந்து வைக்கும் உன் ஜிபிஎஸ் கருவி காட்டிய இடமே தப்பு. அதை நீயே பேராசிரியரிடம் போய்ச் சொன்னாய் பார், அது என் பேத்தி. ஆனால் அடுத்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர்க் கடைக்காரர் கொடுக்கும் புதுக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பு, அதுவும் ஏமாற்றினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறாய்.

உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு வருஷம் போனது போதும்மா, வரச்சொல்லு" என்றான். பிழை கருவியுடையது, பிள்ளையுடையது இல்லை என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கடைக்காரர் கலர் திரை வைத்த ஒன்றைத்தான் தலையில் கட்டப் பார்த்தார். நாற்பது வருடம் சீருடை தைத்தவள் நான். நைந்து நீண்டுபோன டேப்பை நம்பி ஒரு வகுப்புக்கே சட்டை இறுகிப்போன கதை உனக்குத் தெரியும். பெட்டியில் எழுதியிருப்பதை எப்படி நம்புவேன்? உன் ஆய்வு நிலையத்தின் கடிதத்தைக் காட்டி, மூன்று கருவிகளை ஒரு வாரத்துக்கு வாங்கி வந்தேன்.

பூங்காவில் பெரிய மரத்தடியில் ஓர் ஆணி அடித்தேன். அந்த இடத்தைக் கருவியில் பதிந்துகொண்டு, மறுகோடிக்குப் போய், அது காட்டும் அம்புக்குறியைப் பார்த்தே திரும்பி வரவேண்டும். வந்துவிட்டோம் என்று அது சொல்லும் இடத்தில் ஒரு பொத்தான். ஒரு கருவிக்குப் பத்து முறை. சின்னக் கருவிக்கு நீலம், கலர் திரைக்கு வெள்ளை, ஆளுயரக் கம்பின் நுனியில் பொருத்திய மூன்றாவதற்குக் கறுப்பு. தோட்டக்காரர் வந்து, "ஏம்மா, பொத்தான் நட்டா சட்டை முளைக்குமா?" என்று கேட்டார். முளைத்தால் முதல் சட்டை உங்களுக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் கூட்டவே இல்லை.

முதல் நாள் நீலம் சாக்கடை வரைக்கும் சிதறியது. வெள்ளை ஆணியைச் சுற்றி அழகாக உட்கார்ந்தது. கடைக்காரர் சொன்னது சரிதான் போல என்று நானும் ஏமாந்தேன். மறுநாள் காலையில் அதே கருவி, அதே ஆணி. என்னை நேராக ஊஞ்சலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது, பதினோரு எட்டு தள்ளி! உடனே திரும்பினால் அதே பிழை நம்மோடு கூடவே வருகிறது, அதனால் சரியாக இருப்பதுபோல் தெரிகிறது. நீயும் வாங்கிய அன்றைக்கே சோதித்துப் பார்த்திருப்பாய், இல்லையா?

அதனால் மீதி ஐந்து நாளும் போனேன், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று நேரம் மாற்றி மாற்றி, மழை மூட்டத்திலும். கம்பு வைத்தது மட்டும்தான் நிலைத்தது. பத்துக் கறுப்புப் பொத்தான்களில் ஒன்பது ஆணியிலிருந்து ஒரு முழத்துக்குள். மரத்தின் இலை அடர்ந்த பக்கமாக ஒன்று மட்டும் இரண்டு முழம் தள்ளியது. அந்த மாதிரி இடத்தில் முட்டி போட்டுத் தேடு, உனக்கு அது புதிதில்லை. ஒரு குறை, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் ஆடாமல் நிற்கவேண்டும். "இது ரோடு அளக்கிறவங்க வாங்குறது, செடிக்கு எதுக்குப் பாட்டி?" என்றார் கடைக்காரர். ரோடு தொலைந்தால் எல்லோரும் தேடுவார்கள், செடி தொலைந்தால் இவள் ஒருத்திதானே தேடவேண்டும் என்றேன். கனம் தாங்குவாயா என்று நானே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் பார்த்தேன். தாங்குவாய். என் முட்டியைப் பற்றி அப்பா ஏதாவது எழுதினால் நம்பாதே.

பஞ்சு வைத்து உறை தைத்து இன்று பார்சலில் போட்டுவிட்டேன். கறுப்புப் பொத்தான்களும் உள்ளே இருக்கின்றன. அதனால், எறும்பு, நீ இப்போது வராதே. இதை நான் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. உன் கட்டிலில் விரிப்பு மாற்றித்தான் வைத்திருக்கிறேன், அது பாட்டுக்கு இருக்கட்டும். அந்த நாற்பத்தொன்றுக்கும் இந்தக் கம்பால் ஒவ்வொன்றாக மறுபடி இடம் குறித்து, உயிரோடு இருக்கிறது என்று திருத்தி எழுது. முடித்துவிட்டு வா.

உன் கை சோராமல் இருக்கட்டும், கண் மங்காமல் இருக்கட்டும். சுவரில் இருப்பது உன்னைப் பன்னிரண்டு வயதில் எடுத்த படம். பின்னலில் ரிப்பன் கூட இருக்கிறது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், மாட்டி வைக்க வேண்டும். செத்ததாக எழுதிய செடிகளில் ஒன்றின் பக்கத்தில், அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு நில். செடி சின்னதாகத் தெரிந்தால் பரவாயில்லை. உன் முகம் மட்டும் பெரிதாகத் தெரியட்டும்.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
உன் பாட்டி