சத்தமில்லாத ஷூ

என் குட்டிம்மாவுக்கு,

நீயும் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அப்பா சொன்னார். என் போனைத்தான் நீ எடுப்பதில்லையே.

ஷூவைச் சாயங்காலத்தில் போய் வாங்கு. நாளெல்லாம் நின்ற கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். குதிகால் நழுவக் கூடாது. கொஞ்சம் சத்தம் போடுகிற ஷூவாக இருந்தாலும் பரவாயில்லை.

பார்வை போன நம் அம்மா, என் வார்டில் படுத்திருந்த நாட்களில், பழைய ஷூவின் கீச்சொலியில்தான் என்னைக் கண்டுகொள்வாள். அன்று நான் போட்டிருந்தது புது ஷூ. "பெரியவ இன்னும் வரலையா?" என்று அவள் கேட்டபோது, திரைக்கு அந்தப் பக்கம் அடுத்த நோயாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "அவளுக்கு ஏதும்மா நேரம்?" என்றாய் நீ. முடித்துவிட்டுப் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நான் வாயே திறக்கவில்லை.

திரையை விலக்கியபோது அம்மா போய்விட்டிருந்தாள்.

இப்போது பழைய ஷூவைத்தான் போடுகிறேன். கால் கெஞ்சுகிறது. கெஞ்சட்டும்.

பக்கத்திலேயே இருந்த
உன் அக்கா